தூரமா

கடல் கடந்து மீன் தொழிற்சாலை வேலைக்கு வந்த புதிதில் ஒருநாள், வடிவாம்பாள் வாசலில் பூட்ஸ் மாட்டும்போது வீட்டுக்காரி இங்க்ரித், "எங்கே போகிறாய்?" என்று கேட்டுவிட்டாள். கிளம்புகிறவளை அப்படிக் கேட்டால் போகிற காரியம் உருப்படாது. வடிவு திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போனாள். பஸ் போய்விட்டது. அதன்பின் இங்க்ரித் "தூரமா?" என்று கேட்கக் கற்றுக்கொண்டாள். பதினோரு வருடத்தில் அந்தத் தெருவே, பனிமூட்டத்தில் எதிர்ப்படும் தன் ஆட்களிடமும் "தூரமா?" என்றுதான் கேட்டது.

இன்று வடிவு ஒரேயடியாக ஊர் திரும்புகிறாள். மூட்டம் தெருவை அழித்திருந்தது. வாடகைக் காரின் விளக்குகள் மட்டும் தண்ணீருக்கடியில் எரிவதுபோல் எரிந்தன. அவள் பெட்டியைத் தூக்கினாள்.

"எங்கே போறே, வடிவு?" இங்க்ரித் தமிழிலேயே கேட்டாள்.

"தெரிஞ்சே கேக்கிறீங்களேக்கா."

"ஆமா. உட்காரு."

"பிளேன் போயிடும்."

"அன்னைக்கு பஸ் போகலையா?"

தம்ளர் ஏற்கெனவே மேசைமேல் நிறைந்திருந்தது. வடிவு உட்கார்ந்து, ஒவ்வொரு மிடறாகக் குடித்தாள். வெளியே ஹாரன் கேட்டது. எழுந்து வந்து, வாசலில் குனிந்து பூட்ஸின் கயிற்றைக் கட்டினாள்.

பின்னால் தம்ளரில் மறுபடி தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.