கூடத்தில் ஒரு பசு

தடதடவென்று குளம்புச் சத்தம் கேட்கிறது. தரகர் இசக்கிமுத்து ஒரு செவலைப் பசுவை வாசற்படி தாண்டிக் கூடத்துக்குள் இழுத்து வருகிறார். தூணில் சாய்ந்து நிற்கும் சிவசண்முகம் பிள்ளையின் உதடு ஏளனத்தில் கோணுகிறது. தச்சநல்லூரில் இந்த வீட்டை விற்க அவர் பதினோரு மாதமாக அலைகிறார். சீமையில் சண்டை மூண்டதிலிருந்து பருத்தி விலை படுத்துவிட்டது, வீடு கேட்க ஆளில்லை. தை பிறந்தால் மகளுக்குக் கல்யாணம். கடைசியில் வந்து சேர்ந்தவர் ராதாபுரத்துக் கருப்பட்டி வியாபாரி வேலாயுதம். அவர் பத்திரத்தைக் கேட்கவில்லை, கிணற்றை எட்டிப் பார்க்கவில்லை. பசு கூடத்தில் நின்று கோமியம் விட்டால் வீட்டை வாங்குவாராம், இல்லாவிட்டால் வண்டியைத் திருப்பிவிடுவாராம்.

முற்றத்து வெயில் பசுவின் முதுகில் விழுகிறது. அது தேக்குத் தூணில் கழுத்தைச் சொறிந்துகொண்டு அசைபோடுகிறது. வியாபாரியோ கைகூப்பியபடி அதன் வாலையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்; பிளந்த வாயில் வெற்றிலைச் சாறு வழியப் பார்க்கிறது. மிஷன் பள்ளியில் இங்கிலீஷ் படித்த பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். மாட்டு மூத்திரத்தில் யோகம் பார்க்கிற ஆளிடமா இந்த வீடு போக வேண்டும்?

"பசு யோசிக்குது போலிருக்கே, அண்ணாச்சி" என்கிறார் வியாபாரி கவலையோடு.

"யோசிக்கட்டும். இங்கன அது ஒண்ணுதான யோசிக்குது" என்கிறார் பிள்ளை.

வாலில் அசைவில்லை. வியாபாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்க்கிறார். பிள்ளை பைய நகர்ந்து தரகரின் காதருகே குனிகிறார்.

"காலையில நாலு வாளி கழனித்தண்ணி காட்டச் சொன்னேனே, காட்டினீரா இல்லையா வே?"