மூளையில் ஒரு குடை

"மழை விட்டதும் குடை எப்படி சார் மூளையில சொட்டும்?"

தமிழ் டீச்சர் இப்படிக் கேட்டதும் ஆசிரியர் அறையே நெளிந்தது. தலைமையாசிரியர் மேசைக்கடியில் அவள் காலை மிதிக்கப் பார்த்து, கணக்கு வாத்தியாரின் காலை மிதித்தார்.

அவர் பயம் நியாயமானதுதான். டீச்சர் இன்னும் தற்காலிகம். அவளை நிரந்தரமாக்கலாமா, வேண்டாமா என்று எழுதப்போகிறவர் எதிரே உட்கார்ந்திருந்த அதிகாரி. புதிய இலக்கியத் திட்டத்தைப் பெற்றெடுத்தவரும் அவரே. ஆசிரியர்களின் ஐயங்களைத் தீர்க்க வந்திருந்தார். ஐயம் வரும் என்று மட்டும் எதிர்பார்க்கவில்லை.

இந்தத் திட்டத்தில் கேள்வித்தாள் எப்படி எடுப்பது, எதற்கு மார்க் போடுவது என்று ஒரு வாரமாக எல்லோரும் பொங்கியவர்கள்தாம். அதிகாரியின் கார் வாசலில் நின்றதும் ஆறிப்போனார்கள்.

எட்டாம் வகுப்புப் புதுப் பாடநூலின் முதல் கவிதை இரண்டே வரி:

மழை விட்டது.
மூளையில் சொட்டுகிறது குடை.

கீழே, யாரும் கேள்விப்படாத ஒரு புனைபெயர்.

"அம்மா, இதை விளக்கக் கூடாது, உணரணும். அதுதான் திட்டமே," என்றார் அதிகாரி. பிறகு அவரே முக்கால் மணி நேரம் விளக்கினார். குடை என்பது நினைவாம். சொட்டுவது காலமாம். மூளை, மொத்த மனிதகுலமாம். கணக்கு வாத்தியார் தலையாட்டிக்கொண்டே தூங்கினார்.

டீச்சர் விடவில்லை. "அது மூலை சார். அச்சுப்பிழை. குடையை வீட்டு மூலையில சாத்தி வெச்சா சொட்டத்தானே செய்யும்? பிள்ளைங்க இப்படி எழுதினா நான் அரை மார்க் குறைக்கிறேன். நாளைக்கு புக்கைக் காட்டிக் கேட்டா, என் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வெச்சுக்கிறது?"

அதிகாரி இரக்கத்தோடு சிரித்தார். "கவிஞர் எனக்கு ரொம்ப நெருக்கமானவர்மா. ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்துப் பார்த்துத்தான் வைப்பார். அவரைத் திருத்த நீங்க யாரு?"

தேநீர் ஆறுகிறது என்று சொல்லி, தலைமையாசிரியர் எல்லோரையும் அள்ளிக்கொண்டு கிளம்பினார்.

"நீங்க மட்டும் இருங்க," என்றார் அதிகாரி.

வேலை போயிற்று என்று டீச்சர் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதிகாரி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ஏம்மா, இந்த வீட்டு மூலைக்கெல்லாம் குண்டு 'ள' வராதா? நான் எழுதும்போது சரியாத்தானே பட்டுது?"