ஓட்டை மூடி

"ஏன் பாய், ஒரு டேங்க் மூடி ஒழுங்காக் குடுக்கத் துப்பில்ல, உங்களுக்கெல்லாம் எதுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடை?"

தென்காசியில் பழைய கார்களுக்குச் சாமான் விற்கும் கிதிர் முகம்மதுவுக்கு அன்றைய போணி இப்படித்தான் ஆரம்பித்தது.

உமா மகேஸ்வரி புளியங்குடியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். கைப்பையிலிருந்து ஒரு மூடியை எடுத்து மேசை மேல் டங்கென்று வைத்தாள். எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருக்கும் அவள் கணவர் குத்தாலிங்கம், தன் பழைய ஃபியட்டுக்காக இரண்டு மாதம் முன்பு இங்கே வாங்கிய பெட்ரோல் டேங்க் மூடி.

"டேங்கைத் திறந்து போட்டுட்டா வந்தீக?"

"கேரி பேக்கை வச்சுக் கட்டியிருக்கேன். அவுக மார்க்கெட்டுக்குப் போயிருக்காக. இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு தெரியணும். இதைச் சரி பண்ணலைன்னா நாளைக்கே வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுருவேன்."

"வண்டிக்கு என்னக்கா?"

"நிக்குது! சாரல் ஆரம்பிச்சதுல இருந்து ஞாயித்துக்கிழமை தோறும் குத்தாலத்துக்குக் குளிக்கப் போறோம். வழியில பொசுக்குன்னு நின்னுருது. அவுக இறங்கி மூடியைத் திறப்பாக. உஸ்ஸுன்னு ஒரு சத்தம். மறுபடி ஸ்டார்ட் ஆயிரும்."

"காத்து உள்ள போகலைன்னு அர்த்தம்க்கா. பழைய வண்டிக்கு மூடியில ஒரு ஊசி ஓட்டை இருக்கணும். பெட்ரோல் குறையக் குறைய அது வழியாக் காத்து போகணும். போகலைன்னா இஞ்சினுக்குப் பெட்ரோல் வராது. நான் பார்த்துப் பார்த்து ஓட்டை உள்ள மூடியாத்தான் குடுத்தேன்."

"ஓட்டை மூடியைத் தலையில கட்டிட்டுப் பெருமை வேறயா!"

பாய் மூடியைத் திருப்பி ட்யூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தார். உள்பக்கத்தை நகத்தால் சுரண்டினார்.

"அக்கா, ஓட்டையை யாரோ எம்-சீல் வச்சு அடைச்சிருக்காக."

"யாரு? அந்த வண்டியைத் தொடுதது அவுக ஒருத்தர்தான்."

"மழைத் தண்ணி இறங்கும்னு பயந்து, விவரம் தெரியாம அடைச்சிருப்பாக."

"அவுகளுக்கா தெரியாது? முப்பது வருசமா அதுக்கு அவுகளேதான் மெக்கானிக். கல்யாண நாள் மறந்தாலும் ஆயில் மாத்துத நாள் மறக்காது."

பாய் ஸ்க்ரூ டிரைவரால் எம்-சீலைப் பெயர்க்க ஆரம்பித்தார்.

"எங்கன எங்கன நிக்குது?"

"ஒரு வாட்டி கடையநல்லூர்ல நின்னுச்சு. ஒரு வாட்டி இங்கன ரயில்வே ஸ்டேஷன் பக்கம். ஆனா இலஞ்சியில மட்டும் ஒரு வாரமும் தப்பினதில்ல. சரியா எங்க நாத்தனா நாச்சியார் வீட்டு வாசல்ல!" உமா மகேஸ்வரி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "உடனே அவ ஓடி வந்து, 'அண்ணே, உள்ள வாங்க'ன்னு இழுத்துட்டுப் போயிருதா. நான் மட்டும் கார்லயே உக்காந்திருக்க முடியுமா? அவ போடுத காப்பிக்குப் பாத்திரம் கழுவுன தண்ணி எவ்வளவோ தேவலை. கூட ஒரு முறுக்கு. ஏழு வாரமாக் கடிச்சு எனக்குக் கடவாப்பல்லே ஆடுது. அண்ணனும் தங்கச்சியும் என்னன்னா, பள்ளிக்கூடப் பிள்ளைய மாதிரி ஒருத்தரை ஒருத்தர் பாத்துச் சிரிச்சுக்கிட்டு!"

"சொந்தத் தங்கச்சி வீடுதானே?"

"நாலு வருசமாப் போக்குவரத்தே கிடையாது பாய். அவ மக கல்யாணத்துல, தாய்மாமன் இவுக கல்லு மாதிரி நிக்கையில, மாமன் மாலையை ஒண்ணுவிட்ட அண்ணனை முதல்ல போட வச்சுட்டா."

"அப்போ அண்ணாச்சிக்குக் கோவம் வரத்தானே செய்யும்?"

"அவுகளுக்கு எங்க வந்துச்சு? 'மாலைதானட்டி, விடு'ன்னாக. நான்தான் பந்தியில இருந்து கையைப் பிடிச்சு எழுப்பிக் கூட்டிட்டு வந்தேன். இனி அவ வாசலை மிதிச்சீகன்னா எங்க அப்பன் வீட்டுக்குப் போயிருவேன்னு சொல்லிட்டேன்."

பாய் நிமிரவில்லை.

"மூடி அடைச்சிருந்தா வண்டி எங்கன வேணா நிக்கும்க்கா. ஆனா வாரா வாரம் ஒரே வீட்டு வாசல்ல நிக்கதுக்குக் காத்துக்கு அட்ரஸ் தெரியாதுல்லா? சாவியைத் திருப்பி அணைச்சாத்தான் உண்டு. நின்னு போற வண்டின்னு ஒரு தடவை பேரு வாங்கிட்டாப் போதும். அப்புறம் எங்கன நின்னாலும் ஏன்னு யாரும் கேக்க மாட்டாக."

உமா மகேஸ்வரி மேசையில் உதிர்ந்து கிடந்த எம்-சீல் துணுக்கை எடுத்துப் பார்த்தாள்.

'தங்கச்சியைப் பார்த்துவிட்டு வரட்டுமா' என்று பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்கப் பயந்துபோய், அறுபது வயது மனுஷன் ஒளித்து ஒளித்து எம்-சீல் உருட்டியிருக்கிறார்.

அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கூடவே அழுகையும் வந்தது. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் அழுத முதல் கஸ்டமர் என்ற பெயர் வேறு வேண்டாமே என்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

பாய் மூடியை ஊதிச் சுத்தம் செய்து நீட்டினார்.

"இந்தாங்க. இனி மெட்ராஸ் வரைக்கும் போனாலும் எங்கனயும் நிக்காது."

"இது வேண்டாம் பாய்."

"ஏன்க்கா, இதானே சரியான மூடி?"

உமா மகேஸ்வரி குரலைத் தாழ்த்தினாள்.

"'உங்க தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வாங்க'ன்னு வாயைத் திறந்து சொல்ல எனக்கு வராது. ஓட்டையே இல்லாத மூடியா ஒண்ணு எடுங்க, நானே கொண்டுபோய் மாட்டிருதேன்."