தூக்கின கை

"கமென்ஸ்னா என்னன்னு தெரியுமாய்யா உனக்கு?"

மேனேஜர் கேட்டாரு. குமாரவேலு உடனே வாயத் தொறக்கல. பட்டுனு சொன்னா பாடம் பண்ணிட்டு வந்த மாதிரி இருக்கும்னு மனசுக்குள்ள மூணு வரைக்கும் எண்ணினான்.

"தெர்லீங்க சார். நமக்கு ஸ்டார்ட்டு ஒண்ணுதான் தெரியும்."

வலது கை மணிக்கட்டோட போயி இருவத்திரெண்டு நாளாச்சு. கட்டுப் போட்ட மிச்சத்து மேல துண்டப் போட்டு மறைச்சிருந்தான்.

எண்ணூர் ரோட்டுல தகர டப்பா பண்ற கம்பெனி அது. ரெண்டு இரும்பு உருளைக்கு நடுவுல தகடு போய் வரும். மிஷின நிறுத்தி உருளையத் துடைப்பாங்க. திரும்ப ஓட்டுறதுக்கு முன்னால போர்மேன் "ஸ்டார்ட்!"னு கத்தணும். அத்தினி பேரும் ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கணும். கையெல்லாம் மேல இருக்கான்னு பார்த்துட்டுதான் கைப்பிடிய இழுக்கணும்.

புதுசா வந்தவன் மொத நாள் கத்துக்கிறதே இதுதான். டீக்கடையில எவனாவது வம்புக்கு "ஸ்டார்ட்"னு கத்தினாகூட, டீ கிளாசோட கை மேல போயிடும். பாதி டீ தலையில.

அன்னிக்கி போர்மேன் அருள்பிரகாசம் ஸ்டார்ட்னு கத்தலையாம். கமென்ஸ்னு கத்தினாராம். மிஷன் பள்ளிக்கூடத்துல படிச்ச மனுஷன், பெரிய இங்கிலீஷு வாயில வந்துடுச்சாம். சாப்பாட்டு நேரம், ஷெட்டுல இவங்க ரெண்டு பேர்தான். ரெண்டு பேர் வாக்குமூலத்துலயும் அப்படியே எழுதியிருந்துச்சு. தன்னோடதுக்குக் கீழ குமாரவேலு இடது கட்டைவிரல வெச்சிருந்தான்.

மேனேஜர் விசாரணை ஆரம்பிக்கும்போதே தெளிவாச் சொல்லிட்டாரு. வார்த்தை தெரியாதவன் மேல தப்பு இல்ல, கேட்ல வாட்ச்மேன் வேலை குடுக்கலாம். தெரிஞ்சும் கைய எடுக்காம வெச்சிருந்தான்னா அவன் அஜாக்கிரதை. வேலையும் கெடையாது, கம்பெனி லைன்ல இருக்கிற வூடும் கெடையாது.

வெளிய கேட்டாண்ட பொஞ்சாதி பச்சையம்மா நின்னுகினு இருந்தா. "மூஞ்சியப் பாவமா வெச்சுக்கயா. கல்யாணத்துக்கு வந்தவனாட்டம் இளிச்சிகினு நிக்காத"ன்னு சொல்லித்தான் உள்ள அனுப்பியிருந்தா.

மேனேஜர் காகிதத்துல என்னமோ எழுதினாரு. பக்கத்துல நின்ன போர்மேன் குனிஞ்சு அவர் காதுல ரெண்டு வார்த்தை சொன்னாரு. மேனேஜர் தலைய ஆட்டினாரு. பேனாவ மூடினாரு.

"சரி, நீ போலாம்."

குமாரவேலு கும்பிடப் பார்த்தான். ஒரு கையில கும்பிடு வரல. தலைய மட்டும் தாழ்த்திட்டுத் திரும்பினான்.

ஜன்னல் வழியா வாசல் கேட் தெரிஞ்சுது. வாட்ச்மேன் முக்காலி தெரிஞ்சுது. விசில் ஊத ஒரு கை போதும், கேட்டைத் தோளக் குடுத்துத் தள்ளிக்கலாம்னு கணக்குப் போட்டுகினே ரெண்டு அடி வெச்சான்.

"பினிஷ்!"

பின்னாலருந்து மேனேஜர் கத்தினாரு. குமாரவேலு திடுக்குனு திரும்பினான். இன்னாத்துக்கு கத்துறாருன்னு யோசிக்கிறதுக்குள்ள அடுத்த சத்தம்.

"கமென்ஸ்!"

துண்டு தரையில விழுந்துச்சு.

ரெண்டும் தலைக்கு மேல இருந்துச்சு. ஒண்ணுல அஞ்சு விரல். இன்னொண்ணுல வெள்ளைக் கட்டு, அதோட நுனியில புதுசா ஊறுற சிவப்பு.

மேனேஜர் பேனாவத் திரும்பத் தொறந்தாரு.

"தெரியாதுன்னியே?"

குமாரவேலு கைய எறக்கல. ஷெட்டுல மிஷின் ஓடுற சத்தம் கேட்டாத்தான் எறக்கணும்.

அவனுக்குத் தெரியும். பதினோரு வயசு மக பூமாரி பள்ளிக்கூடத்துலருந்து கொண்டாந்த வார்த்தை அது. ஸ்டார்ட், பிகின், கமென்ஸ். "மூணுக்கும் ஒரே அர்த்தம் நைனா. எதச் சொன்னாலும் நீ கையத் தூக்கணும். தூக்கலேன்னா ஒரு குட்டு." சோத்துல கை வெச்சா கமென்ஸ்ம்பா. பீடி பத்த வெச்சா பிகின்ம்பா. நடுவுல ஏமாத்துறதுக்கு வேற எதுனா வார்த்தையையும் கத்துவா. மொத வாரம் பூராவும் குட்டு வாங்கினான். அப்புறம் ஒண்ணுகூட வாங்கல.

இந்த விளையாட்டு வூட்டுக்கு வெளிய ஒரே ஒருத்தருக்குத்தான் தெரியும்.

ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோட வந்தாரு போர்மேன். கட்டிலாண்ட குனிஞ்சு, "நான் கமென்ஸ்னு கத்தினேன்னு எழுதித் தர்றேன். உனக்குப் புரியலன்னு சொல்லிடு. ரெண்டு பேரும் பொழைச்சுக்கலாம், குமாரவேலு"ன்னாரு. அந்த வலியிலயும் இவனுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "அய்ய, அந்த வார்த்த எனக்குத் தெரியும் சார். எம் பொண்ணு கத்துக் குடுத்துகீது"ன்னு, விளையாட்டு மொத்தத்தையும் சொல்லி, இருந்த கையத் தூக்கியும் காட்டினான்.

போர்மேனும் சேர்ந்துதான் சிரிச்சாரு.

இப்ப அவரு மேனேஜர் எழுதி முடிக்கிற வரைக்கும் கைய கட்டிகினு நின்னாரு. அப்புறம் தரையில கெடந்த துண்டத் தாண்டி வராந்தாவுக்குப் போனாரு. ஒரு சிகரெட்ட எடுத்து வாயில வெச்சாரு.

அன்னிக்கி மிஷினாண்டயும் அப்படித்தான் நின்னாரு. சிகரெட்டு வாயில இருக்க, கைப்பிடிய இழுத்தாரு.

எந்த வார்த்தையும் கத்தல.