புதுக்கருக்கு அழியாத வீடு

“படுக்கையில சுருக்கம் தெரியுது, இழுத்து விடு,” என்றாள் அக்கா.

“விட்டாச்சு.”

“பல் தேய்ச்ச இடத்துல ஈரம்?”

“துடைச்சிட்டேன்,” என்றாள் தங்கை.

“ஒரு முடி கிடந்தாலும் அம்மா வேலைக்கு வேட்டுதான்.”

வாசலில் பேச்சுக்குரல் கேட்டது. சாவி திரும்பியது. அக்கா தங்கையை இழுத்துக்கொண்டு துணி அலமாரிக்குள் புகுந்து கதவைச் சாத்தினாள்.

“ஸ்கூலுக்குப் போற அவசரத்துலயும் வந்தீங்களே மேடம். இதுதான் எங்க மாடல் ஃபிளாட். புதுக்கருக்கு அழியல. இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் குடியிருந்ததில்ல,” என்றார் விற்பனையாளர்.

இங்கே பெருக்கித் துடைக்கும் அம்மாவிடம் சாவி இருந்தது. வீடுதான் இல்லை.

“வாசல்ல ரெண்டு ஜோடி ஸ்கூல் ஷூ இருக்கே?”

சொந்த வீடு மாதிரி நேற்று வெளியே கழற்றி விட்டவள் அக்காதான். அதைவிட மோசம், அந்தக் குரல் அவளுடைய வகுப்பு டீச்சருடையது.

“அலங்காரத்துக்கு வெச்சிருப்பாங்க மேடம். குடும்பம் இருக்கற மாதிரி தெரியணுமில்ல,” என்று சிரித்தார் அவர்.

“ஒண்ணுல நாடாவுக்குப் பதிலா சணல் கட்டியிருக்கு.”

அந்தச் சணலுக்காகத்தான் டீச்சர் நேற்று அக்காவை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்திருந்தாள்.

காலடிச் சத்தம் நெருங்கியது. தங்கையின் வாயை அக்கா பொத்தினாள்.

“இந்த அலமாரியைப் பாருங்க மேடம், ரெண்டு ஆள் தாராளமா நிக்கலாம்.”

கைப்பிடி அசைந்தது.

“திறக்க வேண்டாங்க,” என்றாள் டீச்சர். “வாங்க, போயிடலாம். பிள்ளைங்க ஸ்கூலுக்குக் கிளம்பற நேரம்.”