யார் வீட்டுக் கதை?

“எந்திரி. வெளிய வா.”

“அக்கா, படம் இன்னும் முடியலை.”

“பார்த்த வரைக்கும் போதும். வர்றியா, இல்ல இங்கயே கத்தட்டுமா?”

முன்வரிசையிலிருந்து யாரோ ‘உஷ்ஷ்’ என்றார்கள். அக்கா அந்தப் பக்கம் ஒரு முறை முறைத்துவிட்டு, தங்கையின் கையைப் பிடித்து இழுத்தாள். இருட்டில் பல முழங்கால்களை இடித்துக்கொண்டு இருவரும் வெளியே வந்தார்கள்.

திரைப்பட விழா என்றாலே அக்காவுக்கு ஆகாது. ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ் வேலை. லீவு கிடைத்தால் தூங்க வேண்டும், அவ்வளவுதான். பத்திரிகையில் சினிமா பக்கம் எழுதும் தங்கைதான், “ஒரே ஒரு படம் வந்து பாரேன். டைரக்டர் என் வயசுப் பொண்ணு. முதல் படம்” என்று கெஞ்சிக் கூட்டி வந்திருந்தாள்.

காபி இயந்திரத்தின் ஓரமாகத் தங்கையை நிறுத்தினாள் அக்கா.

“போன மாசம் அந்த டைரக்டரைப் பார்த்தியே, பேட்டி எடுக்கப் போனியா, குடுக்கப் போனியா?”

தங்கையின் முகம் ஏற்கெனவே வெளிறிப் போயிருந்தது. “சத்தியமா நான் எதுவும் சொல்லலைக்கா. அப்படியே நம்ம வீடு மாதிரி இருக்கேன்னு நானும்தான் பார்த்தேன்.”

“அப்ப அவளுக்குக் கனவுல வந்துச்சா? அடிக்கறதுக்கு முன்னாடி அப்பா வாட்ச்சைக் கழட்டி ஃப்ரிட்ஜ் மேல வெக்கிறது? அடிச்சு முடிச்சதும் பக்கத்துல உக்கார வெச்சு ஆரஞ்சு உரிச்சு ஊட்டறது? ‘யார் மேல தப்பு?’ன்னு கேட்டு, ‘என் மேலதாம்பா’ன்னு சொன்னாதான் அடுத்த சுளை! நம்ம வீட்டு நிலைப்படி தாண்டி இது யாருக்குடி தெரியும்? எனக்கு, உனக்கு, அம்மாவுக்கு. அம்மா செத்தாலும் வாயைத் திறக்க மாட்டா. நான் சொல்லலை. மிச்சம் யாரு?”

“கற்பனைக் கதைன்னுதான் அவ என்கிட்ட சொன்னா.”

“கற்பனையாம் கற்பனை! என் புருஷனுக்கே தெரியாதுடி இது. தாத்தா தங்கமானவர்னு என் பசங்ககிட்ட சொல்லி வெச்சிருக்கேன்.” அக்காவுக்கு மூச்சு வாங்கியது. “மருந்து கம்பெனி வேலைன்னு பாதி வாரம் அவர் டூர் போவார். அப்பதான் நாம வீட்டுக்குள்ள சத்தமா சிரிப்போம். கடைசில நம்ம ஹால்லயே நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு சாஞ்சார். அதோட எல்லாம் முடிஞ்சுதுன்னு இருந்தேன். நீ என்னடான்னா தோண்டி எடுத்து டிக்கெட் போட்டு வித்துட்டே.”

“நான் விக்கலைக்கா!”

“உனக்கு விழ வேண்டிய அடியையும் சேர்த்து வாங்கினவ நான். நல்லா இருக்குடி உன் நன்றி.”

இப்போது தங்கைக்கும் கோபம் வந்துவிட்டது. “வாங்கினே. நான் இல்லைன்னு சொல்லலை. அதுக்காகச் செய்யாததைச் செஞ்சேன்னு ஒத்துக்கணுமா? ‘என் மேலதான் தப்பு’ன்னு என்னைச் சொல்ல வைக்கணும் உனக்கு. அவருக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்?”

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது. அதை விழ விடாமல் புறங்கையால் துடைத்தாள்.

உள்ளே கைதட்டல் அதிர்ந்தது. படம் முடிந்திருந்தது.

“அவளையே கேட்டுடறேன்.” கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா உள்ளே போனாள். “அக்கா, வேணாம்” என்று பின்னாலேயே ஓடினாள் தங்கை.

விளக்குகள் எரிந்தன. மேடையில் கையில் பூங்கொத்தோடு நின்றிருந்தாள் அந்த இளம் இயக்குநர். பார்வையாளர் ஒருவர் மைக்கில் ஒளிப்பதிவைப் பாராட்டிக்கொண்டிருந்தார். அவர் முடிப்பதற்குள் அக்கா மைக்கைப் பிடுங்கினாள்.

“இந்தக் கதையை உங்களுக்கு யார் சொன்னது?”

“யாரும் சொல்லலைங்க. நானே எழுதினது.”

“பொய்!” அரங்கம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. “யார் வீட்டு மானத்தை மேடை ஏத்திக் கைதட்டல் வாங்கறீங்க? திருடினதுதான் திருடினீங்க, அதையாவது ஒழுங்கா செஞ்சிருக்கலாமே! அந்த ஆள் ஆரஞ்சுத் தோலை இப்படித் துண்டு துண்டாப் பிச்சுப் போட மாட்டார். அறுந்து போகாம ஒரே சுருளா உரிப்பார். உரிச்சு, அடி வாங்கின கையிலயே வளையல் மாதிரி மாட்டி விடுவார்!”

தங்கை வந்து அக்காவின் தோளைப் பற்றிக்கொண்டாள்.

இயக்குநர் பூங்கொத்தை நாற்காலியில் வைத்தாள். அவளுடைய ஒரு கை, மறு கையின் மணிக்கட்டைத் தானாகப் பொத்திக்கொண்டது.

“எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்தோம். நடிகருக்கு அப்படி உரிக்க வரலை” என்றாள் மெதுவாக. “ஆனா அந்த வளையலைப் பத்தி நான் எழுதக்கூட இல்லையே. யார்கிட்டயும் சொன்னதும் இல்லை.”

மேடைப் படிகளில் இறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, அக்காவின் எதிரே வந்து நின்றாள். மைக் இல்லாத அவள் குரல் சகோதரிகள் இருவருக்கு மட்டுமே கேட்டது.

“எங்கப்பாவை உங்களுக்குத் தெரியுமா? டூர் போறேன்னு கிளம்பினவர், அப்புறம் வரவே இல்லை. அம்மா இன்னும் தேடிக்கிட்டிருக்காங்க. எங்க இருக்கார்னு மட்டும் சொல்லுங்க, அக்கா.”