பெயர்க் கட்டம்

ஸ்டுடியோவின் கல்யாணப் படங்கள் காலையிலிருந்து சர்வருக்கு ஏறவில்லை. ஜெனிட்டா எத்தனை முறை அடித்தாலும் லாகின் ஆகவில்லை. சரிசெய்ய வந்த முபாரக் சர்வரின் பதிவைத் திறந்தான். அது பாஸ்வேர்டைக் குறித்துவைக்காது, உள்ளே வரப் பார்த்தவரின் பெயரை மட்டும் குறிக்கும். அவளோ கட்டம் மாற்றி, பெயர் இருக்கவேண்டிய இடத்தில் பாஸ்வேர்டை அடித்திருந்தாள். வரிக்கு வரி, 'ஜூன்லபோயிடுவேன்'.

முபாரக் பதிவை மூடினான். எங்கே என்று கேட்கத் தோன்றியது.

"நகரு, நானே அடிக்கிறேன். பாஸ்வேர்டு என்ன?" என்றார் அவள் கணவர் ஆரோக்கியம்.

ஜெனிட்டா முபாரக்கைப் பார்த்தாள்.

"பழசு செல்லாது சார். அக்காதான் புதுசு வைக்கணும்."

அவள் நிதானமாக அடித்தாள். இந்த முறை சரியான கட்டம். திரையில் வெறும் புள்ளிகள். முபாரக் அவற்றை எண்ணத் தொடங்கியிருந்தான்.